சபாரி: காட்சியும் கடமையும்

'சபாரி' என்பது சுவாகிலி மொழியிற் பயணத்தைக் குறிக்குஞ் சொல். அரபு மொழியின் வழிவந்தது. இன்று அது ஆபிரிக்க வனவிலங்குகளைக் காணச் செல்லுஞ் செலவுக்கே பெரிதும் வழங்குகின்றது. அத்தகைய செலவுக்குப் பேர்பெற்றது தன்சானியாவின் செரெங்கேற்றி. 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இதன் பரப்பு 14,763 சதுர கிலோமீற்றர்.

ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட 'நூ' என்னும் விலங்குகள், வரிக்குதிரைகளோடு கூடி, மழையும் புல்லும் நாடித் தெற்கிலிருந்து வடக்கே சென்று மீளுகின்றன. முதலைகள் வாழும் மாரா ஆற்றை அவை கடக்குங் காட்சியைக் காணப் பலர் செல்கின்றனர். அவர்களை நாம் இருவகையினராகப் பிரிக்கலாம்.

மணிக்கணக்காய்க் காத்திருந்து, மந்தை கரையிலே தயங்குவதையும், ஒன்று பாய ஏனையவை தொடர்வதையும் அமைதியாய்க் காண்போர் ஒருவகையினர். படம்பிடித்தலே குறியாய், வண்டிகளாற் கரையை நெருக்குவோர் மற்றை வகையினர். இவர்கள் வழிமறிப்பின் மந்தை திரும்பியோடும். பகலில் வேட்டையாடுஞ் சிவிங்கிப்புலியும் வண்டிகள் சூழ்ந்தால் இரையை இழக்கும். அதன் குட்டிகள் பசித்திருக்கும்.

இன்னுமொன்று கருதற்பாலது. இந்நிலத்தில் ஆநிரை மேய்த்த மசாய் மக்கள், 1959ஆம் ஆண்டளவிற் பூங்காவின் எல்லைக்கு வெளியே குடியகற்றப்பட்டனர். விலங்குகளின் பொருட்டு அம்மக்கள் தம் மேய்ச்சல் நிலத்தை இழந்தனர். வாழ்ந்தோரையே விலக்கிக் காத்த நிலத்தை, இரண்டொரு நாள் காணச் சென்றோர் கெடுத்தல் எவ்வாறு தகும்?

தமிழில் 'விருந்து' என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதும் பொருள். புதிதாய்ச் சென்றவர் வீட்டாரின் ஒழுங்கைக் குலைப்பதில்லை. கானகத்திலும் நாம் விருந்தினரே. எட்ட நின்று, குரலடக்கி, பொறுமையோடு காண்பவனுக்கே கானகம் தன் இயல்பைக் காட்டும்.