கண் பார்த்தபடியே முழுச் சூரிய கிரகணம்: படமெடுக்க முழுமையான வழிகாட்டி

2019 டிசம்பர் 26 காலை, உத்திரமேரூரில் எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் கிடந்த வெளிச்சப் பொட்டுகள் மெல்ல மெல்லப் பிறைகளாக இளைத்தன. கரூர், திண்டுக்கல் பக்கம் அன்று நெருப்பு வளையம். நமக்குப் பகுதிக் கிரகணம்தான். முழுக் கிரகணம் அடியோடு வேறு. சூரியன் மறைந்ததும், அதைச் சுற்றி வெள்ளிச் சரிகை போல கரோனா விரியும். விளிம்பில் ஒட்டியிருக்கும் சிவந்த சுவாலையையும் தூரத்து மங்கல் இழையையும் கண் சேர்த்தே பார்த்துவிடும். கேமரா ஒரு படத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். நம் வேலை முழுக்க அந்த இடைவெளியை அடைப்பதுதான்.

எங்கே போவது?

1871 டிசம்பர் 12 அன்று முழுக் கிரகணம் நீலகிரி வழியாகவே போனது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சோலூரில் காத்திருந்து பார்த்தார். இனி 2027 ஆகஸ்ட் 2, எகிப்தின் லக்சர்: ஆறு நிமிடத்துக்கு மேல் இருட்டு. இந்தியாவில் என்றால் 2034 மார்ச் 20, காஷ்மீர், லடாக் பக்கம்.

முதலில் மூன்றாம் பிறையில் பழகுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அந்தியில் ஏரிக்கரைக்குப் போங்கள். கல்வெட்டுகள் வயிரமேக தடாகம் என்று சொல்லும் நம்ம உத்திரமேரூர் ஏரிதான். மெல்லிய பிறை பளிச்சென்று இருக்கும். மீதி நிலா, பூமியிலிருந்து திரும்பும் வெளிச்சத்தில் சாம்பல் பூத்துத் தெரியும். கண்ணுக்கு இரண்டும் தெரியும்; கேமராவுக்கு ஒரு படத்தில் ஒன்றுதான். கிரகணத்தில் வரும் சிக்கலும் இதுவேதான்.

ட்ரைபாடில் 200 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6. 1/250 விநாடியில் தொடங்கி, படத்துக்குப் படம் நேரத்தை இரட்டிப்பாக்கி 4 விநாடி வரை போங்கள். முதல் படங்களில் பிறை மட்டும் இருக்கும். கடைசியில் பிறை வெளிறிப்போய்ச் சாம்பல் நிலா எழும்பி வரும். இதைக் கண்ணாரப் பார்த்தவருக்கு வேறு பாடம் வேண்டாம்.

கிரகண நாளில்

லென்ஸின் முன்பக்கம் சோலார் ஃபில்டர் கட்டாயம். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் கண்ணைக் காக்காது. சூரியனின் விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

சூரிய விளிம்பில் கடைசியாக மின்னும் வெளிச்சப் பொட்டு, அதாவது வைர மோதிரம், அணைந்ததும் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா ஃபைல். 1/1000 முதல் 1 விநாடி வரை பதினொரு படம். இரண்டு நிமிடத்தில் சூரியன் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். ஃபிரேமில் இடம் விடுங்கள். இரண்டு சுற்று எடுத்ததும் கேமராவை விட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். மறுவிளிம்பில் வெளிச்சம் துளிர்க்கும் முன் ஃபில்டர் திரும்ப ஏற வேண்டும். நெருப்பு வளையக் கிரகணம் என்றால் அதைக் கழற்றவே கூடாது.

படங்களைச் சேர்ப்பது

வெளிச்சம் திரும்பியதும், கேமரா திரையைப் பார்க்கும் முன், ஒரு நோட்டில் பென்சிலால் வரையுங்கள்: இழைகள் எந்தப் பக்கம் நீண்டன, எவ்வளவு தூரம் போயின, சிவப்பு எங்கே தெரிந்தது. கம்ப்யூட்டரில் படங்களை அடுக்கும்போது, உள்வட்டத்துக்குக் குறைந்த நேரப் படம், வெளிவட்டத்துக்கு நீண்ட நேரப் படம் என்று மென்மையாகக் கலந்துகொண்டே வாருங்கள். நோட்டில் இல்லாத இழை திரையில் முறுக்கிக்கொண்டு தெரிந்தால் கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள்.