பத்து ரூபாய் நாணயமும் ஒரு பேனாவும்: மேஜிக் கத்துக்கலாம் வாங்க

உங்கள் பர்ஸில் ஒரு பத்து ரூபாய் நாணயம் கிடக்கிறதா பாருங்கள். "இது செல்லாது தம்பி" என்று கடைக்கார அண்ணாச்சி திருப்பிக் கொடுத்தாரே, அதேதான். (செல்லும். ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியாச்சு. அது வேற சண்டை.) இன்றைக்கு அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. 27 மில்லிமீட்டர் விட்டம், விரல் நுனியில் பிடிக்க வசதியான அளவு. நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள் என்பதால் மூன்று பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கும் பளிச்சென்று தெரியும். நம் ஊர் சில்லறையில் மேஜிக் பழக இதைவிடத் தோதான ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

சீட்டுக்கட்டு வாங்க வேண்டாம், ஆன்லைனில் மேஜிக் செட் ஆர்டர் போட வேண்டாம். நாணயம், பேனா, ரப்பர் பேண்டு. மூன்றும் ஹாஸ்டல் ரூமிலேயே கிடைக்கும். பேனா மட்டும் பக்கத்து ரூமில் கேட்க வேண்டியிருக்கலாம்!

ஆரம்பிக்கும் முன் ஒரு மூடநம்பிக்கையைத் தூக்கிப் போட்டுவிடுவோம். "மேஜிக்காரன் கை கண்ணைவிட வேகம்" என்று எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். கை என்ன வேகத்தில் போனாலும் கண் பிடித்துவிடும். சட்டென்று ஒரு கை அசைந்தால் நம் பார்வை தானாகவே அங்கேதான் ஓடும். அதனால் வேகமாகச் செய்கிறவன்தான் முதலில் மாட்டுவான். நல்ல மேஜிக்காரர்களின் வீடியோவைப் பாருங்கள், காபி ஆற்றுவது போல நிதானமாகச் செய்வார்கள்.

முதல் பாடம்: நாணயம் மறைவது

இதற்கு பிரெஞ்சு டிராப் என்று பெயர். நூற்றாண்டுகள் பழசு. உலகத்தில் பாதி மேஜிக்காரர்கள் ஆரம்பித்தது இதில்தான் என்று சொல்வார்கள்.

இடது கையை இடுப்பு உயரத்தில், உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். நாணயம் தட்டு மாதிரி படுத்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தைக் கட்டைவிரல் நுனியும், எதிர் ஓரத்தை ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளும் பிடிக்கட்டும். விரல்கள் பார்ப்பவர் பக்கம், கட்டைவிரல் உங்கள் பக்கம். நாணயத்துக்குக் கீழே ஒரு சின்னக் குகை மாதிரி இடம் கிடைக்கும்.

இப்போது வலது கை நாணயத்தை எடுக்க வருகிறது. வலது கட்டைவிரல் அந்தக் குகைக்குள் நுழைகிறது. மற்ற நான்கு விரல்களும் நாணயத்துக்கு முன்னால், திரை போட்டது போல இறங்குகின்றன. நாணயம் மறைந்த அந்த நொடியில் இடது கட்டைவிரலை லேசாகத் தளர்த்துங்கள். நாணயம் இடது கை விரல்களின் அடிப்பக்கத்தில் விழும். வலது கை அதைப் பற்றிய மாதிரியே மூடிக்கொண்டு விலகட்டும். அவ்வளவுதான் டெக்னிக். பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

வந்துவிட்டது, ஆனால் யாரும் ஏமாறமாட்டார்கள். ஏன்?

ஏனென்றால் ஒரு நாணயத்தை நிஜமாகவே எடுக்கும்போது உங்கள் கை எப்படி நடந்துகொள்கிறது என்று உங்களுக்கே தெரியாது. இருபது வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம், ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. எனவே முதலில் பொய்யைப் பழகாதீர்கள். நிஜமாக எடுத்துப் பாருங்கள். முப்பது தடவை எடுங்கள். போனில் வீடியோ போடுங்கள். நாணயம் உள்ளே இருக்கும்போது வலது கை முழுசாக இறுகுவதில்லை, நாணயத்தின் பருமனுக்கு இடம் விட்டு மூடுகிறது. நாணயத்தைக் கொடுத்த இடது கை விறைத்துப்போய் நிற்பதில்லை, வேலை முடிந்ததென்று சோர்ந்து கீழே இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கண் வலது கையோடு சேர்ந்து போகிறது. இதையெல்லாம் அப்படியே பொய்யிலும் கொண்டு வர வேண்டும். கனடாவில் பிறந்த டாய் வெர்னான் (1894–1992) என்ற மேதை வாழ்நாள் முழுக்க மற்ற மேஜிக்காரர்களிடம் வலியுறுத்திய விஷயம் இந்த இயல்புத்தன்மைதான். எந்த சீட்டு வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சவால் விட்ட ஹூடினியையே சீட்டில் ஏமாற்றிய ஆள் அவர்.

கண் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குஸ்டாவ் குன், மைக்கேல் லேண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். மேஜிக்காரர் ஒரு பந்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், இரண்டு தடவை. மூன்றாவது தடவை போடுவது போலக் கையை மட்டும் அசைக்கிறார். பந்து கைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவர் பார்வை மட்டும் மேலே போகிறது. பார்த்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேர், பந்து மேலே போய் மறைந்ததைக் "கண்ணால் பார்த்ததாக"ச் சொன்னார்கள்! அதே வித்தையில் அவர் மேலே பார்க்காமல் தன் கையையே பார்த்தபோது, ஏமாந்தவர்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டார்கள். கையில் எந்த மாற்றமும் இல்லை, பார்வை மட்டும்தான் மாறியது.

ஆக, வலது கையில் நாணயம் இருக்கிறது என்று முதலில் நம்ப வேண்டியவர் நீங்கள். இடது கையை மறந்தே போய்விடுங்கள். வலது கையை உடனே திறக்கவும் கூடாது. ஒரு கேள்வி கேளுங்கள், ஒரு ஜோக் அடியுங்கள், மூன்று நான்கு நொடி போகட்டும். நாணயம் இரண்டு கைக்கும் நடுவில் இருந்த காட்சி பார்ப்பவர் மனதில் பழசாகட்டும். பிறகு சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் திறங்கள்.

இரண்டாம் பாடம்: பேனா

என்னைக் கேட்டால் இதுதான் மொத்த வித்தையிலும் அழகு. கைத்திறமை என்று எதுவுமே வேண்டாம்.

பார்ப்பவருக்கு உங்கள் இடது தோள் தெரியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். நாணயத்தை இடது உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு மூடுங்கள். வலது கையில் பேனா. "மூணாவது தட்டுல நாணயம் காணாமப் போயிடும், நல்லா பாருங்க" என்று சொல்லுங்கள். பேனாவை வலது காது உயரத்துக்குத் தூக்கி, இறக்கி, மூடிய கையில் தட்டி, "ஒண்ணு". மறுபடியும் அதே உயரம், அதே வேகம், "ரெண்டு". மூன்றாவது முறை தூக்கும்போது பேனாவைக் காதுக்கு மேல் சொருகிவிட்டு, வெறும் கையோடு அதே வேகத்தில் இறங்கி, "மூணு".

நாணயத்தையே முறைத்துக்கொண்டிருந்தவர்கள் பேனா எங்கே என்று விழிப்பார்கள். நீங்களும் விழியுங்கள். பிறகு அசடு வழிந்துகொண்டே திரும்பி, வலது காதில் இருக்கும் பேனாவைக் காட்டுங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். "ப்பூ, இவ்வளவுதானா!" என்பார்கள். அவர்கள் சிரிக்கும் அந்த நேரத்தில்தான் உண்மையான வித்தை நடக்கிறது. நீங்கள் திரும்பியதால் உங்கள் இடது பக்கம் அவர்களுக்கு மறைந்துவிட்டது. இடது கை நாணயத்தைப் பாக்கெட்டில் விட்டுவிட்டு வெளியே வருகிறது. "சரி, விளையாட்டு போதும், நிஜமாவே மறைய வைக்கிறேன்" என்று பழைய நிலைக்குத் திரும்புங்கள். ஒரு தட்டு. கையைத் திறந்தால் நாணயம் இல்லை.

கவனித்தீர்களா? மேலே சொன்ன பந்துச் சோதனையின் அதே அமைப்பு. முதல் இரண்டு முறை நிஜம், மூன்றாவது பொய். இன்னொன்று, ரகசியம் தெரிந்துவிட்டது என்று நினைக்கும் மனிதன் காவலைத் தளர்த்திவிடுகிறான். அந்தச் சிரிப்பு நேரத்தில் நீங்கள் ஒரு பெஞ்சையே பாக்கெட்டில் போட்டாலும் தெரியாது.

ரப்பர் பேண்டு வித்தை ஒரு நிமிஷ வேலை. ஆள்காட்டி, நடுவிரல் இரண்டின் அடியிலும் பேண்டை மாட்டுங்கள். பின்கை பார்ப்பவர் பக்கம் இருக்கட்டும். உள்ளங்கைப் பக்கம் பேண்டை இழுத்து, நான்கு விரல்களையும் மடக்கி, நான்கு நுனிகளும் அதற்குள் போகும்படி விடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் இரண்டு விரலில் இருப்பது போலத்தான் தெரியும். விரல்களை விரித்தால் பேண்டு மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தாவிவிடும். ஜூனியர்களிடம் நன்றாக எடுபடும்.

பழகும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். பொய் நடக்கும் அந்த நொடியில் நம்மை அறியாமல் கண் சிமிட்டிவிடுவோம். அதனால் கண்ணாடியில் எல்லாமே சுத்தமாகத் தெரியும். போன் கேமரா கண் சிமிட்டாது. நண்பர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். நாணய வித்தை எதிரில் இருப்பவருக்குத்தான். பங்க் கட்டிலின் மேல் தட்டில் படுத்துக்கொண்டு பார்ப்பவனுக்கு உங்கள் இடது உள்ளங்கை முழுசாகத் தெரியும், அவனை முதலில் இறங்கச் சொல்லுங்கள். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கெஞ்சுவார்கள், செய்யாதீர்கள். முதல் தடவை என்ன நடக்கும் என்று தெரியாது, இரண்டாம் தடவை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இது வெறும் விளையாட்டா?

நம் ஊரில் இதற்குச் செப்படி வித்தை என்று பெயர். செப்பு என்றால் சின்னக் கிண்ணம், சிமிழ். குழந்தைகள் விளையாடும் சொப்புச் சாமானும் அதே செப்புதான். கிண்ணங்களைக் கவிழ்த்து உள்ளே உருண்டைகளைத் தோன்ற வைத்து மறைய வைக்கும் தெருவித்தை. இன்றைக்கு அந்தச் சொல்லை மோசடிக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். காரணம் இல்லாமல் இல்லை. ஒரே கைவேலைதான், எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

1584-இல் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். சூனியக்காரிகள் என்று சொல்லி ஏழைக் கிழவிகளைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த காலம். அந்தப் புத்தகத்தில் நாணயம், உருண்டை, சீட்டு வித்தைகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று விளக்கமாகவே எழுதிவிட்டார். அதிசயம் என்று நீங்கள் நினைப்பதில் பேய் எதுவும் இல்லை, விரல்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக. மேஜிக் ரகசியங்களை ஆங்கிலத்தில் விளக்கிய மிகப் பழைய நூல்களில் ஒன்று, உயிரைக் காப்பாற்ற எழுதப்பட்டது!

நமக்குப் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கோழிக்கோட்டில் பிறந்து கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009). ஊர் ஊராகப் போய், 'சித்து' என்று காட்டப்பட்டவற்றை மேடையில் செய்துகாட்டி, பிறகு எப்படிச் செய்தேன் என்றும் சொல்லிக்கொடுத்தார். காற்றிலிருந்து திருநீறு வரவழைப்பது அதில் ஒன்று. கஞ்சி விட்டுப் பிசைந்து காயவைத்த சின்னத் திருநீற்று உருண்டை, கட்டைவிரல் இடுக்கில். கையை ஒரு சுற்றுச் சுற்றி, நசுக்கினால் தூள். பக்தி வேறு, இது வேறு. கோயிலில் வாங்கும் திருநீற்றுக்கு யாரும் கையைச் சுற்றிக் காட்டுவதில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கமும் திருவிழாவிலும் நடக்கும் மூணு சீட்டு ஆட்டத்தில் உட்கார்ந்து ஹாஸ்டல் பீஸை விட்டவர்கள் உண்டு. அங்கேயும் சீட்டுப் போடுபவன் கை நிதானமாகத்தான் போகும். ஒரே கையில் இரண்டு சீட்டுப் பிடித்து, கீழ்ச் சீட்டைப் போடுவது போல மேல்ச் சீட்டைப் போடுவான். அதைவிட முக்கியம், உங்கள் கண் முன்னால் ஜெயித்துப் பணம் வாங்கினாரே ஒருவர், அவர் அவன் ஆள். ராணி சீட்டின் மூலையை மடக்கிவைத்துவிட்டு உங்களைப் பார்த்துக் கண்ணடித்தவரும் அவன் ஆள்தான். பேனா வித்தையில் "ப்பூ, கண்டுபிடிச்சிட்டேன்" என்று சிரித்தவரின் நிலைதான் அங்கே உங்களுக்கு. என்ன, இங்கே போவது பணம்.

அதைவிட வயிற்றெரிச்சல் ஏடிஎம் வாசலில் நடப்பது. செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. முதியோர் உதவித்தொகை எடுக்க வந்த பாட்டிக்கு யாரோ ஒரு தம்பி "நான் எடுத்துத் தரேன்மா" என்கிறான். கார்டை வாங்குகிறான், பின் நம்பரைக் கேட்டுக்கொள்கிறான், "பணம் வரலை பாட்டி" என்று கார்டைத் திருப்பிக் கொடுக்கிறான். திருப்பிக் கொடுத்தது அதே வங்கியின், அதே நிறத்து, வேறு யாருடைய கார்டோ. பாட்டியின் கண் மெஷின் திரையில் இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே பேசியவன் அவன். இதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது காலாவதியான, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கார்டுகளைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அம்மா கையில் கொடுத்து, "இதுதான் உங்க கார்டு" என்று சொல்லி, திரும்ப வாங்கி, ஏதாவது ஊர்க்கதை பேசிக்கொண்டே மற்றதைக் கொடுங்கள். வாங்கியதும் கார்டில் இருக்கும் பெயரைப் படிக்கிறார்களா, அப்படியே பர்ஸில் வைத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். வைத்துக்கொண்டால் இந்த ஒரு வித்தையை மட்டும் ரகசியத்தோடு சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு அப்பாவைக் கூப்பிட்டு அம்மாவையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.