வினவும் மன்றம்
(இந்திய நாடாளுமன்றத்தின் பணியும் அதிகாரமும்)

முன்னுரை

‘நாடாளுமன்றம்’ என்னும் சொல் ‘நாடு ஆளும் மன்றம்’ என விரியும். ‘பாராளுமன்றம்’ என வழங்குவாரும் உளர். ஆங்கிலச் சொல்லின் ஓசையைத் தழுவி, ‘பார் ஆளும் மன்றம்’ எனப் பொருள்படுமாறு அமைந்த ஆக்கம் அது. இரண்டிலும் ‘ஆளும்’ என்பதே அழுத்தம் பெறுகிறது. ஆனால், ஆங்கிலச் சொல்லின் மூலமான பிரெஞ்சுச் சொல்லோ ‘பேசுதல்’ என்னும் பொருளது. உண்மையில் நாட்டை ஆள்வது அமைச்சரவை. ஆள்வோரிடம் கணக்குக் கேட்பது மன்றம். சட்டம் இயற்றுவதே நாடாளுமன்றத்தின் பணி எனப் பலர் கருதுகின்றனர். அப்பணியினும் உயிர்நாடியானது வினவும் பணி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பொறுப்பேற்கும் ஆட்சி

குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நம் நாடாளுமன்றம். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு கூறுகிறது. மக்களவையின் நம்பிக்கையை இழந்த அமைச்சரவை ஒருநாளும் நீடித்தல் இயலாது.

1963 ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி, நேருவின் அமைச்சரவைமீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொணர்ந்தார். அது தோற்றது. எனினும், சீனப் போருக்குப் பின் எழுந்த ஐயங்களுக்கெல்லாம் அவையின் நடுவே விடையளிக்க வேண்டிய கடமை பிரதமருக்கு உண்டாயிற்று. 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய் அரசு கோரிய நம்பிக்கைத் தீர்மானத்திற்கு ஆதரவாக 269 வாக்குகளும் எதிராக 270 வாக்குகளும் விழுந்தன. ஒரே வாக்கு ஓர் அரசை வீழ்த்தியது.

பொருளின் திறவுகோல்

சட்டத்தின் இசைவின்றி எவ்வரியும் விதித்தலாகாது என்பது 265ஆம் பிரிவு. நாடாளுமன்றம் ஒதுக்கித் தாராத பணத்தை அரசு தொகுப்பு நிதியிலிருந்து எடுத்தலும் ஆகாது. பண மசோதாவில் மக்களவைக்கே இறுதி அதிகாரம். மாநிலங்களவை 14 நாள்களுக்குள் தன் கருத்துடன் அதனைத் திருப்பியனுப்பிவிட வேண்டும்.

ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையின்மீதும் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொணரலாம். ஓர் அமைச்சகத்தின் கொள்கையை ஏற்காதவர், அதன் கோரிக்கைத் தொகை முழுவதையும் ‘ஒரு ரூபாயாகக் குறைக்க’ என முன்மொழிவார். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்ட விரும்புபவர் 100 ரூபாய் குறைக்கக் கோருவார். இத்தீர்மானங்கள் வெல்வது அரிது. ஆயினும், குறையை அவையறியச் சொல்ல இவை வாயிலாகின்றன.

செலவழித்த பின்னரும் கேள்வி ஓய்வதில்லை. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 22 உறுப்பினர் கொண்ட இக்குழுவில் அமைச்சர் எவரும் இடம்பெறலாகாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சார்ந்த ஒருவரே அதன் தலைவராக அமர்வது மரபு. கணக்குக் காட்டல் நம் மண்ணுக்கும் புதியதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊரவை வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என விதித்தது.

ஒரு வினாவின் வலிமை

மக்களவை அமர்வின் முதல் மணிநேரம் வினாக்களுக்கு உரியது. நட்சத்திரக் குறியிட்ட வினாக்களுக்கு அமைச்சர் வாய்மொழியாக விடை கூற வேண்டும்; அவ்விடையிலிருந்து துணை வினாக்களும் எழலாம். எழுதி வைத்த விடையைப் படித்துவிட்டு அமர்ந்துவிட முடியாது என்பதே இதன் சிறப்பு.

இதன் வலிமைக்கு முந்த்ரா விவகாரம் சான்று. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், அரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்தது. எளிய மக்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய காப்பீட்டுப் பணம் அது. மக்களவையில் வினா எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி இம்முதலீட்டின் குறைகளை அவையில் விரிவாக எடுத்துரைத்தார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர்; பிரதமரின் மருமகனும் ஆவார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதிகாரியின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என அது முடிவு கூறியது. நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

தனி உறுப்பினரின் பணி

அமைச்சரல்லாதாரும் மசோதா கொணரலாம். இவ்வாறு சட்டமானவை பதினான்கே. 1970க்குப் பின் ஒன்றும் இல்லை. எனினும் அவை அளவிற் சிறியவை, பயனிற் பெரியவை. சையது முகமது அகமது காஸ்மி கொணர்ந்த மசோதாவே 1954ஆம் ஆண்டின் வக்பு சட்டமாயிற்று. அறக்கொடைச் சொத்துகளின் கணக்கையும் மேற்பார்வையையும் ஒழுங்குபடுத்த முனைந்த அச்சட்டத்தின் இடத்தைப் பின்னர் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றது.

அவை நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் நாளேடுகளுக்குக் காப்பளித்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் பெரோஸ் காந்தி கொணர்ந்ததே. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அது நீக்கப்பட்டது; 1977இல் மீண்டும் உயிர்பெற்றது. 1978இல் அக்காப்பு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. மன்றத்தில் பேசுவது மக்கள் செவிக்கு எட்டாவிடில், வினவியும் பயனில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

எல்லைகளும் தளர்ச்சிகளும்

பிரித்தானிய நாடாளுமன்றத்தைப் போல் நம் மன்றம் வரம்பற்ற அதிகாரமுடையதன்று. அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பளித்தது.

இவ்வரம்பு தேவையானதே. நம் கவலைக்குரியவை பிற. 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம் விலைபோகும் உறுப்பினரைத் தடுக்க வந்தது. ஆனால் கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிப்பவர் பதவியிழக்க நேரும் என்பதால், மனச்சான்றின்படி வாக்களிக்க விழைவாரையும் அது கட்டுகிறது. முதல் மக்களவை (1952-57) 677 நாள்கள் அமர்ந்தது; பதினேழாம் மக்களவை (2019-24) 274 நாள்களே அமர்ந்தது. 2018 மார்ச்சில் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் விவாதமின்றி ஒருசேர நிறைவேறின. 2020 செப்டம்பர்க் கூட்டத்தொடரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டி, வினா நேரமே கைவிடப்பட்டது.

அமளியால் அவை ஒத்திவைக்கப்படும்போது வெற்றி எதிர்க்கட்சிக்கு எனச் சிலரும், பழி எதிர்க்கட்சிக்கு எனச் சிலரும் வாதிடுவர். இருதரத்தாரும் மறப்பது ஒன்றுண்டு: அன்று விடை கூறும் கடமையிலிருந்து தப்பியவர் அமைச்சர்; விடை பெறாமற் போனவர் மக்கள்.

முடிவுரை

கொறடாவின் ஆணை உறுப்பினரின் வாக்கைக் கட்டலாம். அவர் எழுதியனுப்பும் வினாவைக் கட்டுவதில்லை. ஆதலின், ஆளுங்கட்சி உறுப்பினர்க்கும் எதிர்க்கட்சி உறுப்பினர்க்கும் ஒருங்கே எஞ்சிய படைக்கலம் வினாவே ஆகும். தேர்தலில் வாக்களித்தவுடன் நம் கடமை முடிந்துவிடவில்லை. நம் தொகுதி உறுப்பினர் எத்துணை நாள் அவைக்குச் சென்றார், எவ்வெவ் வினாக்களை எழுப்பினார், என்ன விடை பெற்றார் என்பனவற்றை நாம் அறிதல் வேண்டும். அவை நடவடிக்கைகள் அச்சிட்ட ஆவணங்களாக உள்ளன, படிப்பாரைத்தான் காணோம். மாணவச் செல்வங்கள் அவற்றைத் தேடிப் படித்தல் வேண்டும். உறுப்பினரிடம் மக்கள் வினவினால், அமைச்சரிடம் உறுப்பினர் வினவுவார். மக்களாட்சியின் காவல் இவ்விரண்டிலும் அடங்கியுள்ளது.