கணக்குத் தெரிந்த பெற்றோர்

கேள்வி: வங்கி அனுபவமுள்ள பெற்றோர் ஒருவர் பாடசாலை நிருவாகத்துக்குப் போட்டியிடலாமா?
– வாசகி, இரத்தோட்டை

பதில்: தாராளமாக. ஆனால் அமெரிக்காவில் உள்ளதுபோன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட பாடசாலைச் சபை இலங்கையில் இல்லை. இங்கே வழி பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பதவிவழித் தலைவர் அதிபர். பெற்றோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவுக்குத் தெரிவாகலாம்.

பெற்றோருக்கு அதிகாரம் கொடுப்பதில் சிகாகோ வெகுதூரம் போனது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான உள்ளூர்ப் பாடசாலைக் குழுக்களில் பெற்றோருக்கு 6 இடங்கள். அதிபரைத் தெரிவுசெய்வதும் வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பதும் அக்குழுக்களின் கையில். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது.

இரத்தோட்டையில் அத்தனை அதிகாரம் கிடைக்காது. ஆனாலும் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது பெரிய பலம். கூரை திருத்தத்துக்கு எத்தனை விலைமனு கோரப்பட்டது? பெற்றோர் கொடுத்த பணத்துக்கெல்லாம் பற்றுச்சீட்டு உண்டா? இவற்றைக் குற்றச்சாட்டாக அல்லாமல் கேள்வியாகவே கேட்க வேண்டும். அதிபரின் நம்பிக்கை இல்லாமல் எதுவும் நகராது.

இன்னொன்று: தோட்டத்தில் நாட்கூலிக்கு வேலைசெய்யும் தாய், வேலைநாளில் வைக்கும் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றச் சொல்வதும், கணக்கறிக்கையை எளிய தமிழில் ஒரே பக்கமாக அறிவித்தல் பலகையில் ஒட்டச் செய்வதும் குழுவுக்குத் தெரிவாகும் அந்தப் பெற்றோரின் முதல் வேலையாகட்டும்.