முதலில் இடைவெளி, அப்புறம் டைமிங்

பழைய வண்டி இழுக்கவில்லை என்றால் நம் ஊரில் முதலில் கழற்றப்படுவது கார்புரேட்டர்தான். "ஜெட்டு அடைச்சிருக்கும் அண்ணா, கழட்டி ஊதிப் பாருங்க" என்று வண்டிக்காரரே தீர்ப்பு சொல்லிவிடுவார். பழைய புல்லட்டையும் டிவிஎஸ் 50-யையும் தர்மபுரி மேடுகளில் ஓட்டிப் பழகிய நான் முதலில் திறப்பது பாயிண்ட் மூடியை.

பிளக்கில் தீப்பொறி விழும் கணத்தைத் தீர்மானிக்கும் இந்தப் பாயிண்ட் சட்டென்று கெடுவதில்லை. கேமில் உரசும் அதன் கால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாக விழும். இது சிறிது சிறிதாக நடப்பதால் ஓட்டுகிறவருக்கே தெரியாமல் பிக்கப் இறங்கிவிடும். இடைவெளி கூடினால் இதற்கு நேர்மாறு: தீப்பொறி முந்திக்கொள்ளும். ஆகவே தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைத்துவிட்டு அதன்பின் இடைவெளியைத் தொட்டால் செய்த வேலை முழுவதும் வீண்.

புல்லட்டில் செய்யும் முறை

பிளக்கைக் கழற்றி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கிக்கரைவிட இதில் எஞ்சினை மயிரிழை அளவுக்கு நகர்த்தலாம். கேமின் மேட்டில் பாயிண்டின் கால் ஏறி நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. திருகை முறுக்கியதும் இன்னொரு முறை அளக்க வேண்டும். முறுக்கும்போது தகடு நகர்ந்துவிடும். கேஜில் ஒட்டிய எண்ணெய் பாயிண்டில் படிந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சுத்தமான அட்டைத் துண்டைச் செருகி இழுத்துவிட்டால் போதும்.

அடுத்து, கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் மேலே வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். டாப்பெட் மூடியைத் திறந்து பாருங்கள். இரண்டு புஷ் ராடுகளும் விரலால் தாராளமாகச் சுழன்றால் அதுதான் சரியான சுற்று. அங்கிருந்து பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். வேகம் கூடும்போது தீப்பொறியை முந்தவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் விரியாத நிலையில் புல்லட் 350-க்கு உள்ள அளவு இது. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் இது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குச் சுற்றிவிட்டு, ஓடும் திசையிலேயே முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் கியர்ப் பற்களின் தளர்வு கணக்கைக் கெடுக்காது.

பாயிண்ட் திறக்கும் கணத்தைக் காட்ட ஹெட்லைட் மேலேயே ஆம்மீட்டர் இருக்கிறது. சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். திறந்த கணமே நடுவுக்கு வரும். அந்த இடத்தில் பாயிண்ட் அமைப்பைப் பூட்டுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நீண்ட நேரம் விட்டுவைத்தால் காயில் சூடாகும், பேட்டரி இறங்கும்.

டிவிஎஸ் 50-க்கு வேறு வழி

1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 அன்றைய தர்மபுரி மாவட்டத்து வண்டிதான். ஓசூரைச் சேர்த்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல். இந்த வண்டியில் பாயிண்ட் மேக்னெட்டுக்கு உள்ளே இருக்கும், ஜன்னல் வழியாகத்தான் திருக வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்பதால் கம்ப்ரஷன் சுற்றைத் தேடும் வேலை இல்லை. ஆனால் பாயிண்ட் திறப்பதைப் பேட்டரியோடு பல்பு வைத்துப் பார்ப்பது இங்கே ஏமாற்றும். பாயிண்ட் திறந்திருந்தாலும் மேக்னெட் காயில் வழியாகக் கரண்ட் எர்த்துக்குப் போய்விடுவதால் பல்பு அணையாது. சிகரெட் பாக்கெட் மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளில் ஒரு துண்டைப் பாயிண்டில் கவ்வவிட்டு மெல்ல இழுத்துக்கொண்டே மேக்னெட்டைச் சுற்றுங்கள். தாள் நழுவும் இடமே பாயிண்ட் திறக்கும் இடம். பாயிண்ட் அடிக்கடி எண்ணெயாகிறதா? கிராங்க் ஆயில் சீலைப் பாருங்கள்.

மேடு சொல்லும் தீர்ப்பு

புல்லட்டின் பிளக் துவாரம் சாய்வாக இருப்பதால், அதில் ஸ்போக் கம்பி விட்டுப் பிஸ்டனின் இடத்தை அளப்பது துல்லியமாக வராது. ஆகவே கடைசிச் சோதனையைச் சாலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றம் இதற்கு நல்ல இடம். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகள் இன்னும் கடுமையான பரீட்சை. பாரத்தோடு ஏறும்போது எஞ்சினில் "டிங் டிங்" என்று நாக்கிங் கேட்டாலோ, ஸ்டார்ட் செய்யும்போது கிக்கர் காலைத் திருப்பி அடித்தாலோ டைமிங் முந்தியிருக்கிறது. துளி பின்னுக்குத் தள்ளுங்கள். நாக்கிங் இல்லை, ஆனால் வண்டி சோம்பி, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்றால் டைமிங் பிந்தியிருக்கிறது.

அளவெல்லாம் சரியாக இருந்தும் கிக்கர் திருப்பி அடித்தால் ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழுந்தாலோ, திறக்கும்போது பாயிண்டிலேயே பெரிய தீப்பொறி பறந்தாலோ கண்டன்சரை மாற்றுங்கள். கண்டன்சரை விட்டுவிட்டுப் பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே கருகும்.

புது பாயிண்ட் போட்டால் கேமில் கிரீஸை ஒரு பொட்டு மட்டும் தடவுங்கள். அதிகமானால் தெறித்துப் பாயிண்டில் விழும். புதுக் கால் கேமோடு படிந்து அமரும்வரை இடைவெளி வேகமாகக் குறையும். எனவே சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளி, டைமிங் இரண்டையும் இதே வரிசையில் மறுபடி பாருங்கள். அப்படியும் இழுக்கவில்லை என்றால், அப்போது கார்புரேட்டரைக் கழற்றலாம்.