பெயர் வைக்கும் முன்

கோபே

அன்புள்ள கண்ணம்மா,

பச்சை உடம்புக்காரியை எதையாவது எழுதிக் குழப்பக் கூடாது என்று பேசாமல்தான் இருந்தேன். குழந்தைக்கென்று நீ அனுப்பிய மூன்று பெயர்களையும் பார்த்த பிறகு முடியவில்லை. 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும் என்பது உனக்கே தெரியும்.

உன் மாமியார் சொல்லும் பெயரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எழுத்தின் கோடுகளை எண்ணி, குடும்பப் பெயரோடு கூட்டிப் பலன் பார்ப்பது நம் ஊர் நியூமராலஜிக்குப் பங்காளி. "யோசிக்கிறோம்" என்று பணிவாகச் சொல். ஜப்பானில் அதற்கு 'வேண்டாம்' என்றுதான் அர்த்தம், அவருக்கே தெரியும்.

என் கவலையெல்லாம் நீ தேர்ந்தெடுத்த பெயரைப் பற்றித்தான். கடல் ஓர் எழுத்து, நிலா ஓர் எழுத்து, வாசிப்பது 'மித்சுகி'. கேட்க அழகுதான். ஆனால் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்துப் பார்க்கிறவன் 'குராகே' என்று படிப்பான். ஜெல்லி மீன்! இப்படித்தான் மனசு என்ற எழுத்தையும் பருமன் என்ற எழுத்தையும் சேர்த்து மகனுக்கு 'ஷிந்தா' என்று ஆசையாக வைப்பார்கள். அதுவே 'தொகொரோதென்' ஆகிவிடும். கடற்பாசியில் செய்து வினிகர் ஊற்றிச் சாப்பிடும் பண்டம். உன் வீட்டுக்காரருக்கு இந்த ஜெல்லி மீன் விஷயம் தெரியாமலா இருக்கும்? "பரவாயில்லை, இப்போ எல்லாரும் வைக்கிறாங்க" என்று அவர் சொன்னால் அது அவர் பெருந்தன்மை. வகுப்பில் கேலிக்குப் பதில் சொல்லப்போவது அவரில்லை.

ஆபீஸில் தடுக்க மாட்டார்கள் என்கிறாய். பெயருக்கு அனுமதித்த கான்ஜி என்னும் சீன எழுத்துகள் 2,999. அதற்குள் இருந்தால் சரி, எப்படி வாசிப்பது என்பது பெற்றவர் பாடு என்றுதான் வெகுகாலம் விட்டிருந்தார்கள். 2025 மே 26 முதல் வாசிப்பும் கொசெகி என்ற குடும்பப் பதிவேட்டில் ஏறுகிறது. ஊர் ஒப்புக்கொள்ளும் வாசிப்பாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் வந்துவிட்டது. மித்சுகி அதிலும் தப்பிவிடும். 1993இல் அகிஷிமாவில் மகனுக்கு 'அகுமா', அதாவது பிசாசு, என்று பெயர் வைக்கப் போய் நாடே சிரித்ததே, அந்த அளவுக்கு நீ போகவில்லை. ஆனாலும் சட்டம் விட்டதெல்லாம் பிள்ளைக்கு நல்லது என்று ஆகிவிடுமா?

நம் வீட்டுக் கதை உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? உன் அப்பத்தாவுக்கு நான் நாலாவது பெண். பெண் பிறந்தது போதும் என்று போதும்பொண்ணு ஆனேன். பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் ஆபீஸ், கல்யாணப் பத்திரிகை, எங்கே போனாலும் ஒரு சிரிப்பு. இங்கே கல்யாணமாகி வந்தபோது, இனி ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். எங்கள் தெருவில் தோஃபுக்கடை வைத்திருந்த கிழவியின் பெயர் தோமே. "நிறுத்து" என்று அர்த்தமாம்; அவரும் வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசி. என் பெயரின் கதையைச் சொன்னதும் தோஃபுவை நறுக்கிய கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். தளபதி யமமோதோ இசொரொகு பெயருக்கு ஐம்பத்தாறு என்று அர்த்தம். மகன் பிறந்தபோது அப்பாவுக்கு 56 வயது. பெற்றவர்களின் கணக்கையும் சலிப்பையும் பிள்ளை ஏன் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்?

மூன்றாவது மாயா. இதை எழுதியது நீதானா, உன் அப்பாவா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலையே மாயா மலைதான். மேலே தென்ஜோஜி கோயிலில் புத்தரின் தாய் மாயாதேவி இருக்கிறாள். சுகப்பிரசவத்துக்குப் பெண்கள் வேண்டிக்கொள்ளும் இடம். உனக்காக நான் வேண்டிக்கொண்டதும் அங்கேதான். மலையின் பெயரில் உள்ள எழுத்திலேயே எழுதலாம். அல்லது 'மா'வுக்கு உண்மை என்று அர்த்தமுள்ள எழுத்தைப் போடலாம். மாயை என்று நம் ஊரில் யாராவது குறை சொன்னால் அதைக் காட்டலாம். உன் அம்மாவும் வாய் குழறாமல் கூப்பிடுவாள், உன் மாமியாரும் கூப்பிடுவார். நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை, முடிவு உங்கள் இருவருடையது.

நிறையப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ சிறுவயதிலிருந்தே எதையும் யோசித்துச் செய்கிறவள், எனக்குத் தெரியாதா? மித்சுகி என்றே வைத்தாலும் வாய் நிறைய முதலில் கூப்பிடப்போவது இந்த அத்தைதான்; தங்க அரைஞாணும் வாங்கியாகிவிட்டது. பூண்டு லேகியம் தபாலில் வருகிறது, வேளை தவறாமல் சாப்பிடு. மூத்தவளுக்கு முறுக்கும் வைத்திருக்கிறேன்.

முத்தங்களுடன்,
போதும்பொண்ணு அத்தை