சென்சார் மரையில் வெள்ளை டேப் எதற்கு?

காரில் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் மாட்டப்போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்பவரிடமிருந்து அறிவுரை வந்து விழுகிறது. "சென்சார் மரையில டெஃப்லான் டேப் நல்லா நாலு சுத்து சுத்திட்டுப் போடுங்க, இல்லேன்னா ஆயில் ஒழுகும்." மெக்கானிக் சொல்கிறார், ஸ்பேர்ஸ் கடைக்காரர் சொல்கிறார், கேஜ் விற்பவரே ஒரு டேப் சுருளையும் பையில் போட்டுக் கொடுக்கிறார். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் இருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த யோசனை கேஜ் வாங்கிய நோக்கத்தையே கெடுக்கிறது.

கடையில் கிடைக்கும் சென்சார்களில் ஒற்றை ஒயர் வகைதான் அதிகம். கேஜிலிருந்து ஒரு ஒயர் வந்து சென்சாரின் தலையில் சேரும். மின்சாரம் திரும்பிப் போகும் வழி எது? சென்சாரின் உடம்பு, அதன் மரை, மரை இறங்கியிருக்கும் உலோகம், எஞ்சின் பிளாக், அங்கிருந்து பேட்டரி நெகட்டிவ். அதாவது மரைதான் எர்த். டெஃப்லானோ மின்சாரத்தைக் கடத்தாத பொருள். உயர்தர ஒயர்களுக்கு மேலுறையே அதில்தான் போடுகிறார்கள். எர்த் எடுக்க வேண்டிய இடத்தில் இன்சுலேஷனைச் சுற்றிவிட்டு, முள் ஏன் தாறுமாறாக ஆடுகிறது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

"டேப் போட்டும் என் கேஜ் ஓடுதே" என்பார்கள். ஓடும். இறுக்கும்போது மரையின் விளிம்பு டேப்பை ஓரிரு இடத்தில் அறுத்து எதிர் உலோகத்தைத் தொட்டுவிடும். ஆனால் அந்தத் தொடுகை அதிர்விலும் சூட்டிலும் மாறிக்கொண்டே இருக்கும். முள் செத்துக் கிடந்தால் சந்தேகம் வந்து பிரித்துப் பார்ப்போம். கொஞ்சம் குறைத்துக் காட்டினால் நம்பிவிடுவோம், ஆபத்து அங்கேதான்.

எவ்வளவு குறையும்? ஆயில் சூடாகச் சூடாக இந்தச் சென்சாரின் மின்தடை இறங்கும். பரவலாகப் புழங்கும் 150 டிகிரி வகை ஒன்றில் 90 டிகிரியில் சுமார் 83 ஓம்ஸ், 100-ல் சுமார் 62, 110-ல் சுமார் 48, 130-ல் சுமார் 28. மரையில் எர்த் சரியாக எடுக்காமல் 20 ஓம்ஸ் கூடிவிட்டது என்று வையுங்கள். ஆயில் 100-ல் இருக்கும்போது கேஜ் 82 ஓம்ஸைப் பார்த்து 90 என்று காட்டும். ஆயில் 130-ஐத் தொடும்போது 48 ஓம்ஸைப் பார்த்து 110 என்று காட்டும். சூடு ஏற ஏறப் பொய்யும் பெரிதாகிறது. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. அந்தக் கணக்கில், 110 என்று நினைத்து ஓட்டுகிறவரின் ஆயில் நான்கு மடங்கு வேகத்தில் வீணாகிக்கொண்டிருக்கும். இதற்கு கேஜே மாட்டாமல் இருந்திருக்கலாம்.

சேதம் அத்தோடு நிற்பதில்லை. டேப் சுற்றிய சென்சாரைக் கழற்றிப் பாருங்கள், நுனியில் வெள்ளை நூல் நூலாகத் தொங்கும். பிளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் வைக்கும் சாண்ட்விச் பிளேட்டில் மாட்டியிருந்தால் பெரும்பாலும் அந்தத் துளை ஃபில்டருக்கு முன்னால் இருக்கும். அறுந்து விழும் துணுக்கை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும், பைபாஸ் வால்வு திறக்காதவரை. பிளாக்கில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்த துளையில் மாட்டியிருந்தால் பல எஞ்சின்களில் அது ஃபில்டருக்குப் பின்னால் வரும் பாதை. அதற்கு அப்பால் பேரிங்குகளும், பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகளும், வால்வு டைமிங்கை மாற்றும் சொலினாய்டின் சின்ன வலையும்தான் இருக்கின்றன. இரட்டை ஒயர் சென்சாருக்கு எர்த் தனி ஒயரில் போவதால் டேப் அதன் அளவைக் கெடுக்காது. துணுக்குத் தொல்லை அதற்கும் உண்டு.

பிறகு ஏன் ஒழுகுகிறது? மரை பொருந்தாததால். அமெரிக்க வகை கேஜுகளோடு வருவது 1/8 என்.பி.டி. மரை; அங்குலத்துக்கு 27 புரி, 60 டிகிரிக் கோணம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்களின் பிரஷர் சுவிட்ச் துளையில் சாதாரணமாக இருப்பது 1/8 பி.டி.; அங்குலத்துக்கு 28 புரி, 55 டிகிரி. ஐரோப்பிய சென்சார்களில் எம்10-1 என்ற நேர் மரையும் உண்டு. அதை அடைப்பது செம்பு வாஷர். மூன்றும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே தடிமன். மாற்றிப் போட்டால் முதல் இரண்டு மூன்று புரி சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். "நல்லா டைட்டாயிடுச்சு" என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்கள். எஞ்சின் சூடானதும் ஒழுகும். உடனே கழற்றி டேப் சுற்றுவார்கள். அலுமினியத் துளையாக இருந்தால் அதற்குள் மரையே போயிருக்கும்.

மரை அளக்கும் கேஜ் ஒன்று கையில் இருந்தால் இந்தக் குழப்பம் ஒரு நிமிட வேலை. மரை சரியாக இருந்தால், ஆயிலையும் சூட்டையும் தாங்கும் திரவ சீலன்ட்டை முனையில் இரண்டு புரி விட்டு மெல்லத் தடவினால் போதும். கையால் இறுகும்வரை திருப்பி, அதற்கு மேல் ஸ்பேனரில் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. பிறகு எஞ்சினை நிறுத்தியபடியே மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சாரின் உடம்பிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். கூடுதலாகக் காட்டினால் பிளாக்கிலிருந்து பேட்டரிக்குப் போகும் எர்த் ஒயரையும் சேர்த்துப் பாருங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. சாண்ட்விச் பிளேட் போட்டால் ஆயில் பிரஷர் இறங்கும் என்பது வீண் பயம். நடு போல்ட் தளர்கிறதா, ஓ-ரிங் சரியாக உட்கார்ந்ததா, ஃபில்டர் கீழே இறங்கி எதிலாவது இடிக்கிறதா என்பவைதான் பார்க்க வேண்டியவை. ட்ரெயின் போல்ட்டிலேயே சென்சார் வைப்பது சுலபம் என்கிறார்கள். அளவு தப்பாது, ஆனால் நம் ஊர் வேகத்தடையில் முதலில் அடி வாங்குவது அதுதான். ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் ஒயரைப் பிடுங்க வேண்டும். பிரஷர் சுவிட்ச் துளையில் நீளமான டி-பீஸ் போட்டு அதன் கடைசியில் டெம்பரேச்சர் சென்சாரை மாட்டாதீர்கள். அங்கே ஆயில் ஓடுவதில்லை, தேங்கி ஆறிய ஆயிலைத்தான் அளப்பீர்கள். ஒரு கம்பெனி கேஜுக்கு இன்னொரு கம்பெனி சென்சார் ஒத்துவராது, ஓம்ஸ் கணக்கு வேறு. ஆயில் 100 டிகிரியைத் தொட்டதும் கொதிக்கிறது என்று பயந்து வண்டியை ஓரம் கட்டுகிறவர்களும் உண்டு, கொதிப்பது தண்ணீர். ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாக அந்தச் சூடு வேண்டும்.

கடைசியாக ஒன்று: "வாட்டர் முள் நடுவுல நிக்குது, அப்ப ஆயிலும் சரியாத்தான் இருக்கும்." பல கார்களில் அந்த முள் ஏறத்தாழ 75-லிருந்து 105 டிகிரி வரை அசையாமல் நடுவில் நிற்கும்படி கம்பெனியிலேயே அமைத்துவிடுகிறார்கள், வாடிக்கையாளர் பதறக் கூடாதாம். காலையில் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போது ஆயில் சூடேறிக்கொண்டே போகும், முள் அங்கேயே நிற்கும். 2000-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3 காரில் ஆயில் சூடாகச் சூடாக டேக்கோமீட்டரின் எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து வழிவிடும். நம் சின்னக் கார்கள் பலவற்றில் இருந்த முள்ளையும் எடுத்துவிட்டு நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு விளக்கோடு முடித்துவிட்டார்கள். இது எனக்குத் தீராத கோபம். கூலன்ட்டின் வெப்பநிலை ஈ.சி.யூ.வுக்கு டிகிரி கணக்கில் தெரியும், ஓ.பி.டி. ஸ்கேனரைச் சொருகினால் அந்த எண் அப்படியே வருகிறது. அதை டேஷ்போர்டில் காட்டப் புதிதாக ஒரு சென்சாரும் தேவையில்லை. ஆயிலுக்கும் ஓ.பி.டி.யில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், 5சி என்ற எண்ணில். பெரும்பாலான கார்கள் அதை வெறுமையாக விட்டிருக்கின்றன. அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது சன்ரூஃப் பற்றிக் கேட்பதற்கு முன் இந்த எண்ணைப் பற்றிக் கேளுங்கள்.